கல்லுக்கு எத்தனை டேபிள்?

சாத்தனூரில் அந்த மரம் படுத்துக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். முழுக்கக் கல். மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற பெரம்பலூர் மாவட்டத்து மேட்டு நிலத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. கரையில் வளர்ந்த ஊசியிலை மரம் ஒன்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு அந்தக் கடலில் மூழ்கி, சேற்றில் புதைந்து, மெல்ல மெல்லக் கல்லானது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதை அடையாளம் கண்டார். இன்று இது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அடிமரம் துண்டு துண்டாக உடைந்திருப்பது தெரிகிறது. துண்டுகள் அததன் இடத்திலேயே கிடப்பதால் கண் அதை ஒரே மரமாகவே பார்க்கிறது.

என்னை இங்கே அழைத்து வந்தவர் இந்தப் பகுதிக் கல்லூரி ஒன்றில் நிலவியல் நடத்தும் நண்பர். மாணவர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பதிந்த புதைபடிவங்களின் குறிப்புகள் அவர் துறையில் கோடு போட்ட நோட்டுகளிலும் பல எக்செல் கோப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரே தரவுத்தளத்துக்குள் கொண்டுவர வேண்டும். தரவுத்தளம் வடிவமைப்பது என் தொழில். அறையில் உட்கார்ந்தே டேபிள்களை வரைந்து கொடுத்துவிடலாம்; நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் தரவு எந்த மண்ணிலிருந்து வருகிறதோ அந்த மண்ணில் நின்று, அங்கே வேலை செய்கிறவர் எதை அளக்கிறார், எதைத் தெரியாமல் விடுகிறார் என்று பார்த்த பிறகுதான் டேபிள் போட வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு.

மாணவர்கள் ஒரு படம் வரைந்து வைத்திருந்தார்கள். உச்சியில் ‘புதைபடிவம்’. அதன் கீழ் தாவரம், விலங்கு. விலங்கின் கீழ் மெல்லுடலிகள், முட்தோலிகள், முதுகெலும்பிகள். மெல்லுடலிகளின் கீழ் சிப்பிகள், நத்தைகள், தலைக்காலிகள். தலைக்காலிகளின் கீழ் அம்மோனைட், நாட்டிலஸ், பெலெம்னைட். அழகான படம். மேலே உள்ளதன் பண்புகள் கீழே உள்ளதற்கு வந்து சேரும் என்பது அதன் பொருள். ஜான் ஸ்மித், டயான் ஸ்மித் இருவரும் 1977-இல் எழுதிய கட்டுரையில் தரவுத்தள உலகுக்கு முறையாக எடுத்துச் சொன்ன பொதுமையாக்கம் இதுதான். தருக்க மாதிரி என்ற அளவில் யாரும் குறை சொல்ல முடியாது. சிக்கல் அடுத்த படியில் வருகிறது. தரவுத்தளத்துக்குள் மேல் கீழ் என்று எதுவும் கிடையாது. இருப்பது தட்டையான டேபிள்கள். வரிசைகள், பத்திகள், அவ்வளவே. கிளை விட்ட மரத்தைத் தட்டையான டேபிளில் எப்படிப் படுக்க வைப்பது?

“முதல்ல இந்த மரத்தையே எடுத்துக்குங்க. இதுக்கு என்னென்ன எழுதுவீங்க?” என்று கேட்டேன்.

நண்பர் விரல் விட்டார். எண், ஊர், பாறை அடுக்கு, கண்டவர், கண்ட ஆண்டு, புகைப்படம். பிறகு நீளம், அடியில் பருமன், நுனியில் பருமன். “அப்புறம் வயசு. 12 கோடி வருஷம்னு சொல்றாங்க.”

முதல் ஆறும் எந்தப் புதைபடிவத்துக்கும் பொருந்தும். நீளமும் பருமனும் இதற்கு மட்டும். அந்தப் பிரிப்பு சுலபம். வயதைத்தான் நான் நிறுத்தி வைத்தேன். வயதை மரத்தில் யாரும் அளப்பதில்லை. மரம் கிடக்கும் பாறை அடுக்கைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஆகவே வயது பாறை அடுக்கின் டேபிளில் ஒரே ஒரு முறை இருக்க வேண்டும். அதைப் புதைபடிவத்தின் வரிசைதோறும் நகலெடுத்து வைத்தால், நாளை அந்த அடுக்கின் காலக்கணிப்பு திருத்தப்படும்போது நூற்றுக்கணக்கான வரிசைகளைத் தேடித் திருத்த வேண்டியிருக்கும், சில விட்டுப்போகும். வரகூர், ஆனைப்பாடி, அழுந்தலைப்பூர், சாரதாமங்கலம் ஆகிய ஊர்களின் ஓடைகளிலும் சில மீட்டர் நீளக் கல்மரங்கள் பதிவாகியுள்ளன. இவை தனி மரங்கள். சாத்தனூர் மரத்தின் துண்டுகளோ ஒரே மரத்தின் பகுதிகள். ‘இன்னதன் பகுதி’ என்பதும் ‘இன்ன வகை’ என்பதும் வேறு வேறு உறவுகள். மாணவர்களின் படத்தில் இரண்டுக்கும் ஒரே கோடு போட்டிருந்தது.

அங்கிருந்து காரை என்ற ஊருக்குப் போனோம்.

காரையின் தரிசைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். மழை அரித்து அரித்துக் குடைந்த பள்ளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. செம்பழுப்பும் சாம்பலும் மஞ்சளுமாகக் களிமண் மேடுகள். இடையிடையே ஜிப்சம் தகடுகள் வெயிலில் மின்னுகின்றன. நடக்க நடக்கக் காலடியில் ஏதோ ஒன்று தட்டுப்படுகிறது. விரல் நீளத்தில், ஒரு முனை கூராக, வழவழவென்று ஒரு கல் கிடந்தது. “பெலெம்னைட்” என்றார் நண்பர். கணவாய் மீனுக்குத் தூரத்து உறவான ஒரு உயிரின் உள் ஓடு. சற்றுத் தள்ளி, உள்ளங்கை அகலத்தில் சுருண்ட ஓட்டின் கால் பகுதி: அம்மோனைட். படம் எடுத்தோம், டேப்பை வைத்து அளந்தோம், கிடந்த இடத்திலேயே விட்டோம். இந்த மண்ணிலிருந்து எதையும் எடுத்துப்போகக் கூடாது என்பதை நண்பர் தன் மாணவர்களுக்கு முதல் பாடமாகவே சொல்கிறார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். “என்ன தம்பி, டைனோசர் முட்டையா தேடுறீங்க?”

“இல்லீங்க ஐயா, கல்லை எல்லாம் கணக்கு எழுதுறோம்” என்றார் நண்பர்.

“எழுதுங்க, எழுதுங்க. வருசா வருசம் மழையில கரைஞ்சு போவுது” என்று சொல்லிவிட்டு ஆடுகளின் பின்னால் போனார்.

மேட்டின் நிழலில் உட்கார்ந்து நோட்டை விரித்தேன். ஒரு வகைப் படிநிலையை டேபிள்களாக மாற்ற மூன்று வழிகள் உண்டு. மார்ட்டின் ஃபௌலர் 2002-இல் வெளியிட்ட புத்தகத்தில் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் சூட்டினார். அதற்கு முன்பே எல்லோரும் செய்துகொண்டிருந்ததுதான்.

முதல் வழி, எல்லாவற்றையும் ஒரே டேபிளில் போடுவது. ‘வகை’ என்று ஒரு பத்தி. பிறகு மரத்துக்கான பத்திகள், அம்மோனைட்டுக்கான பத்திகள், சிப்பிக்கான பத்திகள், எலும்புக்கான பத்திகள் எல்லாம் பக்கம் பக்கமாக. மரத்தின் வரிசையில் சுருளின் விட்டம் காலி. அம்மோனைட்டின் வரிசையில் அடிமரப் பருமன் காலி. எல்லாத் தேவைக்கும் ஒரே விண்ணப்பப் படிவம் அச்சடித்து, முக்கால்வாசிக் கட்டங்களில் ‘பொருந்தாது’ என்று நம்மை எழுதச் சொல்வதைப் போன்றது இது. படிக்க வேகம், கேள்வி கேட்கச் சுலபம். ஆனால் காலியாக இருக்கும் கட்டம் பொருந்தாததால் காலியா, அளக்க மறந்ததால் காலியா என்று தெரியாது. ‘அம்மோனைட் என்றால் விட்டம் கட்டாயம்’ என்று பத்தியளவில் கட்டாயப்படுத்த முடியாது. வகையைப் பார்த்துச் சரிபார்க்கும் தனி நிபந்தனை எழுத வேண்டும். வகைகள் பெருகப் பெருக அந்த நிபந்தனை யாரும் தொட அஞ்சும் அளவுக்கு வளரும். நண்பரின் எக்செல் கோப்புகள் இந்த நிலையில்தான் இருந்தன.

இரண்டாவது வழி, கடைசி வகை ஒவ்வொன்றுக்கும் முழுமையான தனி டேபிள். அம்மோனைட்டுக்கு ஒன்று, பெலெம்னைட்டுக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று. எண், ஊர், அடுக்கு முதலிய பொதுப் பத்திகள் ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப வரும். வெற்றுக் கட்டம் இருக்காது. ஆனால் ‘காரையில் கிடைத்த எல்லாம்’ என்று கேட்டால் அத்தனை டேபிளையும் ஒட்டித்தான் விடை எடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை இரண்டு. ஒரே எண் இரண்டு டேபிள்களில் வந்துவிடாமல் தடுக்கத் தரவுத்தளத்தில் நேரடி வழி இல்லை. புகைப்படங்களின் டேபிள் எந்த டேபிளைச் சுட்டுவது என்று தெரியாமல் நிற்கும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் ஒரு டேபிள் இன்னொன்றிடமிருந்து பத்திகளைப் பெற்றுக்கொள்ளும் ‘இன்ஹெரிட்டன்ஸ்’ வசதி உண்டு. அதிலும் தாய் டேபிளில் விதித்த ‘எண் மீண்டும் வரக்கூடாது’ என்ற விதி சேய் டேபிள்களைக் கட்டுப்படுத்தாது. இந்த வசதியின் பெயரைப் பார்த்து நம்பி இறங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

களத்தில் நின்றால் இந்த இரண்டாவது வழியின் இன்னொரு ஓட்டை கண்ணுக்குத் தெரிகிறது. காரையில் நாங்கள் பதிந்தவற்றில் பாதிக்கு மேல் இன்னதென்று அந்த இடத்தில் சொல்ல முடியாத துண்டுகள். வகை தெரியாத துண்டுக்கு இந்த அமைப்பில் வீடே கிடையாது.

மூன்றாவது வழியில் பொதுவானவற்றுக்கு ஒரு தாய் டேபிள், தனித்தன்மைகளுக்குச் சேய் டேபிள்கள். சேய்க்கும் தாய்க்கும் ஒரே எண். அம்மோனைட்டின் முழு விவரம் வேண்டுமென்றால் இரண்டையும் எண்ணை வைத்து இணைக்க, அதாவது ஜாயின் செய்ய வேண்டும். வகை தெரியாத துண்டு தாய் டேபிளில் மட்டும் இருக்கும். தெரிந்தபின் சேய் வரிசை சேரும். இதில் ஒரு ஆபத்து உண்டு: அம்மோனைட் என்று தாய் சொல்லும் எண்ணுக்கு மரத்தின் டேபிளில் யாரோ வரிசை போட்டுவிடலாம். அதற்கும் மருந்து இருக்கிறது. தாய் டேபிளில் எண்ணும் வகையும் சேர்ந்த ஜோடியைத் தனித்தன்மை உடையதாக அறிவித்து, சேய் டேபிளிலும் வகைப் பத்தியை வைத்து, அது ஒரே மதிப்பைத்தான் ஏற்கும் என்று நிபந்தனை போட்டு, அந்த ஜோடியையே தாயைச் சுட்டும் ஃபாரின் கீயாகக் கட்டிவிட்டால், தவறான வரிசையைத் தரவுத்தளமே திருப்பி அனுப்பிவிடும். ஜாயின் என்றாலே பயப்படுகிறவர்கள் நிறைய. சில ஆயிரம் கற்களுக்கு, முதன்மைச் சாவியின் மேல் செய்யும் ஜாயின் ஒரு சுமையே அல்ல.

மூன்றாவது வழி என்று முடிவாயிற்று. ஆனால் எத்தனை சேய்? மாணவர்களின் படத்தில் உள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்றா?

இந்தக் கேள்விக்கான விடை காரையிலேயே கிடைத்தது. அளந்த இரண்டு கற்களின் குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அம்மோனைட்டுக்கு: சுருளின் விட்டம், நடுக்குழியின் அகலம், கடைசிச் சுற்றின் உயரம், அகலம். பெலெம்னைட்டுக்கு: நீளம், பருத்த இடத்தின் தடிப்பு, மெலிந்த இடத்தின் தடிப்பு. ஒன்றுகூடப் பொது இல்லை. “நாட்டிலஸ் கிடைச்சா என்ன அளப்பீங்க?” என்று கேட்டேன். “அம்மோனைட்டுக்கு அளக்குற அதேதான்” என்றார் நண்பர். “ஆனா ஒரு விஷயம் தெரியுமா? அம்மோனைட்டுக்கு நாட்டிலஸைவிட பெலெம்னைட்தான் நெருங்கின சொந்தம்.”

நெருங்கின சொந்தத்தோடு ஒரு அளவும் ஒத்துப்போகவில்லை. தூரத்துச் சொந்தத்தோடு எல்லா அளவும் ஒத்துப்போகின்றன. உயிரியல் வகைப்பாடு வம்சத்தைச் சொல்கிறது. டேபிள் கேட்பதோ எந்தக் கட்டங்களை நிரப்ப வேண்டும் என்பதை. இரண்டும் வேறு மரங்கள். மாணவர்களின் படத்தில் இருந்த பெயர்கள் அத்தனையும் தரவு. அவை ‘பெயர்கள்’ என்ற ஒரு டேபிளின் வரிசைகளாகப் போக வேண்டும். ஒவ்வொரு வரிசையும் தனக்கு மேலே உள்ள பெயரின் எண்ணை வைத்திருந்தால், தலைக்காலிகள் எல்லாவற்றையும் கொண்டு வா என்று ஒரே சுழல்கேள்வியில் கேட்டு வாங்கலாம். புதிய பேரினம் ஒன்று அறிவிக்கப்பட்டால் ஒரு வரிசை சேர்ப்பதோடு வேலை முடிந்தது. சேய் டேபிள்களைப் பிரிக்க வேண்டியது வடிவத்தை வைத்து: சுருள், இரட்டை ஓடு, தண்டு, உருண்டை. உருவமற்ற துண்டுக்குச் சேய் தேவையில்லை.

உணவுக்குப் பின் அரியலூர்ச் சாலையில் போகும்போது இடப்பெயர்கள் பற்றிப் பேசினோம். இந்தப் பாறைகளை உலகம் அறிந்தது 1840-களில், கே, கன்லிஃப் ஆகிய இருவர் திரட்டிய படிவங்களால். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றை விவரித்தார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்ட் அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். மொராவியாவிலிருந்து வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860-களிலும் 1870-களின் தொடக்கத்திலும் இப்பகுதியின் கடல் உயிர்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அன்றைய குறிப்புகளில் எல்லாம் திருச்சிராப்பள்ளி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. 2001-இல் அரியலூர் தனி மாவட்டமானது, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது, 2007-இல் மறுபடி பிரிந்தது. ஊட்டத்தூரோ இன்றும் திருச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது. கல் நகரவே இல்லை. அதன் மாவட்டம் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆகவே கல்லின் வரிசையில் இடம் பற்றி ஊர், அகலாங்கு, நெட்டாங்கு மட்டும். எந்த ஊர் எந்தக் காலத்தில் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பது தனி டேபிளில், தொடக்க ஆண்டோடும் முடிவு ஆண்டோடும்.

கல்லங்குறிச்சி. கலியுக வரதராசப் பெருமாளைத் தேடி வருகிறவர்கள் ஒரு பக்கம், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் இன்னொரு பக்கம். இந்தச் சுண்ணாம்புக்கல்தான் அரியலூரைச் சிமெண்ட் ஊராக்கியது. பாறை முழுக்கச் சிப்பி. கிரைஃபியா என்னும் தடித்து வளைந்த சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, அடுக்கே பாறையாகியிருக்கிறது. வேலிக்கு வெளியே ஓரமாகக் கிடந்த ஒரு சிப்பியை நண்பர் திருப்பிக் காட்டினார். முதுகில் மெல்லிய வலைப்பின்னல், பக்கத்தில் வெண்மையான சிறு குழாய்கள். வலைப்பின்னல் பாசிவிலங்குகளின் குடியிருப்பு. குழாய்கள் ஒரு புழு கட்டிக்கொண்ட வீடு. சிப்பி உயிரோடு இருந்தபோதோ இறந்த பிறகோ அதன் மேல் குடியேறியவை.

“இதுக்கு வகைன்னு என்ன போடுவீங்க?” இந்த முறை கேட்டது அவர்.

படிநிலை வரையும்போது நாம் கேட்க வேண்டிய, ஆனால் அடிக்கடி கேட்காமல் விடும் கேள்வி இது. ஒரு பொருள் ஒரே நேரத்தில் இரண்டு உள்வகைகளில் இருக்க முடியுமா? ‘வகை’ என்று ஒரே பத்தி வைத்த கணமே ‘முடியாது’ என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். கல்லங்குறிச்சியில் அந்தத் தீர்ப்பு முதல் கல்லிலேயே உடைகிறது. இதைச் சமாளிக்க வகைப் பத்தியை எடுத்துவிட்டு, ஒரே எண்ணுக்குப் பல சேய் டேபிள்களிலும் வரிசை போட அனுமதிக்கலாம். அப்போதும் ஒரே சிப்பியின் மேல் இரண்டு புழுக்குழாய்கள் இருந்தால் சிக்கல் தொடரும். சரியான விடை, நாம் எதை எண்ணுகிறோம் என்பதைப் பிரிப்பதில் இருக்கிறது. கையில் எடுக்கக்கூடியது கல். அதில் இருப்பவை உயிர்த்தடங்கள். ஒரு கல்லுக்குப் பல தடங்கள். எண், ஊர், அடுக்கு, கண்டவர் ஆகியவை கல்லுக்கு. வடிவமும் அளவும் பெயரும் தடத்துக்கு. தடத்துக்குத்தான் வகைப் பத்தி. அங்கே அது உடையாது. எந்தத் தடம் எதன் மேல் ஒட்டியிருக்கிறது என்று ஒரு சிறு டேபிள் வைத்தால் யார் வீட்டின் மேல் யார் குடியேறினார்கள் என்பதும் பதிவாகிவிடும். நண்பரின் முகம் மலர்ந்தது. அவருடைய ஆராய்ச்சியே அதைப் பற்றித்தான்.

கல்லமேட்டுக்குப் போகும்போது வெயில் தாழ்ந்திருந்தது. பார்ப்பதற்கு எதுவும் இல்லாத இடம்: மணலும் களியும் முட்செடிகளும். ஆனால் நாங்கள் போட்ட டேபிளுக்கு உண்மையான சோதனை இங்கேதான்.

கடல் பின்வாங்கிய பிறகு ஆறுகள் கொண்டுவந்து போட்ட மண் இது. நிலவியல் ஆய்வுத் துறையின் யாதகிரி, அய்யாசாமி இருவரும் இங்கே பெரிய எலும்புகளைக் கண்டார்கள். ஒரு கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். 1980-களின் இறுதியில் அதற்குப் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டு, இரு காலில் நடக்கும் ஊனுண்ணி டைனோசர் இனமாக விவரித்தார்கள். 1995-இல் சங்கர் சாட்டர்ஜி, இது நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி, டைட்டனோசார் என்றார். வேறு சிலர், இவ்வளவு பெரிய எலும்பு இருக்க முடியுமா, இது கல்மரமாக இருக்குமோ என்றே ஐயப்பட்டார்கள். எலும்புகளைச் சரிபார்க்கலாம் என்றால் அவை இல்லை. பொடியும் தன்மையுள்ள அவை மழையில் சிதைந்து போய்விட்டன. 2022-இல் பால் என்ற ஆய்வாளரும் அய்யாசாமியும், எலும்புகளைத் தோண்டிய காலத்துப் பழைய புகைப்படங்களை வெளியிட்ட பிறகு தாவர உண்ணி டைனோசர் என்ற கருத்து வலுப்பெற்றது. பூமியில் வாழ்ந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்று என்ற பேச்சும் எழுந்தது.

மாணவர்களின் படத்தை அப்படியே டேபிள்களாக்கியிருந்தால் இந்த எலும்பு என்ன பாடு பட்டிருக்கும்! முதலில் ஊனுண்ணி டேபிளில் ஒரு வரிசை. பிறகு அங்கே அழித்து, தாவர உண்ணி டேபிளில் புதிய வரிசை. ஐயம் எழுந்தபோது தாவரங்களின் டேபிளுக்கு ஒரு பயணம், திரும்பவும் ஒரு பயணம். ஒவ்வொரு முறையும் பழைய கருத்து அழிந்துபோகும். புகைப்படங்கள் சுட்டிய எண் செத்துப்போகும். வகை மாறுவது என்பது தாய், சேய் டேபிள் அமைப்பின் பலவீனமான இடம். நிரல்மொழிகளிலும் ஒரு பொருள் பிறந்தபின் தன் வகையை மாற்றிக்கொள்வது எளிதல்ல. ஆகவே மாறக்கூடிய எதையும் வகையாக வைக்கக் கூடாது.

இங்கே நின்று இரண்டு முடிவுகள் எடுத்தோம். ஒன்று, ‘இனங்காணல்’ என்று தனி டேபிள். எந்தத் தடத்துக்கு, எந்தப் பெயர், யார் சொன்னது, எந்த ஆண்டு, எதை வைத்து. பழைய வரிசை எதுவும் அழிக்கப்படாது. புதிய கருத்து புதிய வரிசை. கல்லமேட்டு எலும்புக்கு இப்படி ஊனுண்ணி, டைட்டனோசார், மரம் என்ற ஐயம், மீண்டும் டைட்டனோசார் எல்லாம் ஆண்டு வாரியாக நிற்கும். இரண்டு, நண்பர் ‘எலும்பு’ என்று தனி வடிவ டேபிள் கேட்டிருந்தார். அதில் ‘எந்த எலும்பு, இடமா வலமா’ என்ற பத்திகள். அதை நான் மறுத்தேன். எந்த எலும்பு என்பது ஒருவருடைய கருத்து, அது இனங்காணலுக்குப் போகட்டும். டேப்பை வைத்தால் தெரிவது நீளமும் இரு முனைகளின் பருமனும்தான். அந்தக் கட்டங்கள் ‘தண்டு’ டேபிளில் ஏற்கெனவே இருக்கின்றன. காரையின் விரல் நீள பெலெம்னைட்டும் சாத்தனூரின் 18 மீட்டர் மரமும் கல்லமேட்டின் 2 மீட்டர் எலும்பும் ஒரே டேபிளில் மூன்று வரிசைகள். எலும்பா மரமா என்ற சண்டை எத்தனை ஆண்டு நடந்தாலும் அந்த வரிசை அசையாது. அளவு சொல்வது ஒரு டேபிள், அறிஞர் சொல்வது இன்னொரு டேபிள்.

கல்லின் டேபிளில் ‘இப்போது எங்கே’ என்ற பத்தியையும் சேர்த்தோம். களத்தில், துறையில், அருங்காட்சியகத்தில், அழிந்துவிட்டது. அழிந்த கல்லின் வரிசையை நீக்கக் கூடாது என்பதை நண்பர் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதினார். அன்று எழுதிவைத்த அளவுகளும் எடுத்த படங்களும் இருந்ததால்தான் கல்லமேட்டு விலங்கைப் பற்றி இன்றைக்கும் பேச முடிகிறது.

மறுநாள் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம். பெட்டிக்குள் இருக்கும் கல்லுக்குக் கீழே சிறு அட்டை. பார்வையாளருக்கு அது போதும். நாங்கள் அட்டைகளை வைத்துக்கொண்டு எங்கள் டேபிள்களைச் சரிபார்த்தோம். அட்டையில் வரும் ஒவ்வொரு வரியும் எந்த டேபிளிலிருந்து வரும் என்று நண்பரின் மாணவர் ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தார். பெயர் என்றதும், “கடைசியா வந்த இனங்காணல் சார்” என்றார். அதற்கு ஒரு பார்வையை (வியூ) எழுதிவைத்தால் அட்டை அச்சிடுகிறவர் எந்த ஜாயினையும் அறிய வேண்டியதில்லை. மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் மற்ற இரண்டின் வசதியை இழந்துவிட வேண்டியதில்லை. ஒரே டேபிள் போலத் தோன்றும் பார்வையை மேலே விரித்துக்கொள்ளலாம்.

கிளம்பும்போது அதே மாணவர் கேட்டார்: “முட்டையை எங்க சார் போடுறது?”

2009-இல் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைகளைக் கண்டதாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் அறிவித்தார்கள். 2020-இல் குன்னம் பக்கம் மண் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைக்க, டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் செய்தி பரவியது. வந்து பார்த்த வல்லுநர்கள் அவை முட்டை அல்ல, அம்மோனைட் படிவங்களோடு உருவான மண் உருண்டைகள் என்றார்கள். இரண்டும் உருண்டை, இரண்டுக்கும் அளக்க வேண்டியது விட்டம். ‘உருண்டை’ டேபிளில் இரண்டுக்கும் இடம் உண்டு. முட்டை என்ற சொல் இனங்காணலில் இருக்கும், சொன்னவரோடும் ஆண்டோடும். ஓட்டின் தடிப்பு, மேற்பரப்பின் குமிழ்கள் என்று முட்டைக்கே உரிய அளவுகள் தனி டேபிள் கேட்கும் அளவுக்குச் சேர்ந்தால் அப்போது ஒரு சேய் டேபிளைக் கூட்டிக்கொள்ளலாம். மற்ற எதையும் தொட வேண்டியதில்லை. அதுவரை அவற்றைக் குறிப்புப் பத்தியில் எழுதச் சொன்னேன். மாணவர் கையில் இருந்த பழைய நோட்டைத் திறந்து குன்னம் என்று தேட ஆரம்பித்தார்.